சிவாலிக் தாடைகளும் பேராக் குகைப் பற்களும்

1932-ஆம் ஆண்டு, இமயமலையின் அடிவாரத்தில், இன்றைய இமாச்சலப் பிரதேசத்தின் ஹரிதல்யாங்கர் என்னும் ஊரருகே யேல் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் எட்வர்ட் லூயிஸ் ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. வலப்பக்கம் மட்டும்தான், அதில் சில பற்களும், முன்பற்கள் இருந்த குழிகளின் மிச்சமும் இருந்தன. 1934-இல் அதற்கு ராமாபிதிக்கஸ் என்று பெயரிட்டார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்தத் துண்டு மனிதனின் நேரடி மூதாதை என்ற இடத்துக்கு உயர்ந்தது. பிறகு அங்கிருந்து இறக்கப்பட்டு, போர்னியோவிலும் சுமத்ராவிலும் வாழும் ஓராங் ஊத்தானின் கிளைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கிளையில் அது பொருந்துகிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஒரு புதைபடிவத்துக்குப் பரிணாம மரத்தில் இடம் தேடுவது எப்படி, எங்கே தவறு நேர்கிறது என்பதை அறிய இதைவிடத் தெளிவான வழக்கு ஆசியாவில் இல்லை.

சிவாலிக் குன்றுகள் பாகிஸ்தானின் போத்வார் மேட்டுநிலத்திலிருந்து ஜம்மு, இமாச்சலம் வழியாக நேபாளம் வரை நீள்கின்றன. இமயமலை உயர உயர, ஆறுகள் அரித்துக் கொண்டுவந்த மணலும் வண்டலும் அடுக்கடுக்காகப் படிந்து உருவானவை இவை. மயோசீன் காலத்தின் நடுப்பகுதி முதல் இறுதி வரை, அதாவது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டு முதல் அரைக் கோடி ஆண்டு முன்பு வரை, அங்கே காடும் ஆறும் வாலில்லாக் குரங்குகளும் நிறைந்திருந்தன. 1879-இலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ரிச்சர்ட் லைடெக்கர் பஞ்சாபில் கிடைத்த ஒரு மேல்தாடையை விவரித்தார். அதே துறையின் கை பில்கிரிம் 1910-இல் சிவாபிதிக்கஸ் என்ற பேரினத்தை நிறுவினார். 1915-இல் அதை மனிதக் குடும்பத்திலேயே சேர்த்தார். கைவசம் இருந்த தாடைத் துண்டுகளைக் கொண்டு அவர் வரைந்த முழுத்தாடை மனிதத் தாடையைப் போலக் குட்டையாக இருந்தது. அமெரிக்காவின் வில்லியம் கிங் கிரிகரி அதே ஆண்டில் மறுத்தார்: துண்டுகளைப் பொருத்திய விதமே தவறு, சரியாகப் பொருத்தினால் நீண்ட குரங்குத் தாடைதான் வரும் என்றார். கிரிகரி சொன்னதே சரியாயிற்று. ஆனால் அந்தப் பாடத்தை அடுத்த தலைமுறை மறந்துவிட்டது.

லூயிஸ் தம் பயணத்தில் கிடைத்தவற்றுக்கு ராமாபிதிக்கஸ், பிரம்மாபிதிக்கஸ், சுக்ரீவாபிதிக்கஸ் என்று பெயர் சூட்டினார். ராமாபிதிக்கஸின் முகம் குட்டையாக இருந்திருக்கும், கோரைப்பல் சிறியதாக இருந்திருக்கும், பல்வரிசை மனிதனுடையதைப் போல வளைந்திருக்கும் என்று கருதினார். 1935-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அலெஷ் ஹிர்ட்லிச்கா, மனித மூதாதைக்குரிய தகுதி இதற்கு இல்லை என்று கடுமையாக எழுதினார். அப்போது ஹிர்ட்லிச்காவின் சொல்லுக்கு இருந்த மதிப்பு பெரிது. தாடைத் துண்டு யேல் அருங்காட்சியகத்தின் இழுப்பறைக்குப் போய், கால் நூற்றாண்டு அங்கேயே கிடந்தது.

அதை வெளியே எடுத்தவர் எல்வின் சைமன்ஸ். 1961-இல் வெளியிட்ட சிறு கட்டுரையில் அவர் லூயிஸின் கருத்துக்கு மறுவாழ்வு கொடுத்தார். ஒரு பக்கத்துத் தாடையை வைத்துக்கொண்டு மறுபக்கத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல வரைந்து சேர்த்தபோது, மனிதனுக்குரிய வில்வளைவுப் பல்வரிசை கிடைத்தது. மறு ஆண்டே கென்யாவின் ஃபோர்ட் டெர்னானில் கிடைத்த 1.4 கோடி ஆண்டுப் பழமையான தாடைக்கு லூயிஸ் லீக்கி கென்யாபிதிக்கஸ் என்று பெயரிட்டார். சைமன்ஸும் அவருடைய மாணவர் டேவிட் பில்பீமும் அதையும் ராமாபிதிக்கஸ் என்றே கொண்டனர். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சேர்ந்து சாட்சி சொல்வதுபோல் ஆயிற்று. 1960-களின் பாடநூல்களில் மனித வரிசையின் தொடக்கத்தில் ராமாபிதிக்கஸ் நின்றது.

இந்த வாதத்தின் உள்ளே இருந்த சங்கிலியைக் கவனிக்க வேண்டும். கோரைப்பல் சிறியது என்றால் அந்த விலங்கு பல்லால் சண்டையிடவில்லை. பல்லுக்குப் பதில் கையில் கருவி பிடித்திருக்கும். கை விடுபட வேண்டுமானால் இரண்டு காலில் நடந்திருக்கும். டார்வின் 1871-இல் முன்வைத்த கருத்தின் வழி வந்த ஊகம் இது. ராமாபிதிக்கஸின் கால் எலும்போ இடுப்பெலும்போ ஒன்றுகூட அப்போது கையில் இல்லை. இருந்தும் அது நிமிர்ந்து நடந்ததாக ஓவியங்கள் வரையப்பட்டன. துண்டில் இல்லாததை எதிர்பார்ப்பு நிரப்பியது. அதில் ஈடுபட்டவர்கள் தேர்ந்த அறிஞர்கள் என்பதுதான் கவலைக்குரியது.

முதல் அடி எலும்பிலிருந்து வரவில்லை, இரத்தத்திலிருந்து வந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தை எடுத்துக்கொண்டார்கள். மனித ஆல்புமினை ஒரு முயலுக்குச் செலுத்தினால் முயலின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கும். அந்த எதிர்ப்பொருள் சிம்பன்சியின் ஆல்புமினோடு எவ்வளவு வலுவாக வினைபுரிகிறது, வாலுள்ள குரங்கினுடையதோடு எவ்வளவு என்று அளந்தால், இரண்டு புரதங்களும் எவ்வளவு தூரம் மாறியிருக்கின்றன என்பது தெரியும். மாற்றம் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சேர்கிறது என்று கொண்டு, வாலுள்ள குரங்குகளும் வாலில்லாக் குரங்குகளும் மூன்று கோடி ஆண்டுக்கு முன் பிரிந்தன என்ற மதிப்பீட்டை அளவுகோலாக வைத்தார்கள். 1967-இல் வந்த விடை: மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. அப்படியானால் 1.4 கோடி ஆண்டுக்கு முந்திய எந்த விலங்கும் மனிதக் கிளையில் மட்டும் இருந்திருக்க முடியாது; அதன் தோற்றம் எப்படி இருந்தாலும் சரி. சாரிச் இதை வெளிப்படையாகவே சொன்னார். எலும்பாய்வாளர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். புரதம் ஒரே வேகத்தில் மாறும் என்பதற்கு என்ன உறுதி என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வியே. ஆனால் அதே கண்டிப்போடு தங்கள் தாடையையும் அவர்கள் கேள்வி கேட்கவில்லை.

அந்தக் கேள்வி 1973-இல் வந்தது. ஆலன் வாக்கரும் பீட்டர் ஆண்ட்ரூஸும் கென்யத் தாடைகளைத் திரும்பப் பொருத்திப் பார்த்தபோது வில்வளைவு வரவில்லை. முன்னே குறுகிப் பின்னே விரியும் பல்வரிசை வந்தது. தாடையின் நடுக்கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் கண்ணாடிப் பிம்பம் வரைந்தால், கோட்டைச் சற்றே சாய்த்து வைத்தாலும் விடை மாறிவிடும். சைமன்ஸின் வளைவு அந்தக் கோட்டிலிருந்து பிறந்ததுதான். 1976-இல் பில்பீமின் குழு போத்வாரில் கண்டெடுத்த முழுமையான கீழ்த்தாடை சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. அதுவும் முன்னே குறுகியதாகவே இருந்தது.

பிறகு முகம் கிடைத்தது. ஜி.எஸ்.பி. 15000 என்ற எண்ணோடு பாகிஸ்தானின் போத்வாரிலிருந்து வந்த சிவாபிதிக்கஸ் முகத்தைப் பில்பீம் 1982-இல் வெளியிட்டார். கண்குழிகள் உயரமான முட்டை வடிவம். இரண்டுக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளி. பக்கவாட்டில் பார்த்தால் உட்குழிந்த முகம். நடு வெட்டுப்பற்கள் பெரியவை, ஓர வெட்டுப்பற்கள் மிகச் சிறியவை. மூக்கின் அடித்தளமும் மேலண்ணத்தின் முன்பகுதியும் படி எதுவுமின்றி வழவழப்பாக இணைகின்றன. இவை அனைத்தையும் ஒருசேரக் காண வேண்டுமானால் இன்றைய உயிர்களில் ஓராங் ஊத்தானிடம் மட்டுமே காண முடியும். அதே ஆண்டில் ஆண்ட்ரூஸும் குரோனினும் சிவாபிதிக்கஸும் ராமாபிதிக்கஸும் ஓராங் ஊத்தானின் கிளையைச் சேர்ந்தவை என்று எழுதினர். ராமாபிதிக்கஸ் என்று தனியே பிரித்து வைத்திருந்த சிறிய தாடைகள் பெரும்பாலும் சிவாபிதிக்கஸின் பெண் விலங்குகளுடையவை என்பது படிப்படியாகத் தெளிந்தது. ஓராங் ஊத்தானிலும் ஆணும் பெண்ணும் உடலளவில் பெரிதும் வேறுபடும். பெண்ணின் கோரைப்பல் சிறியது. மனிதத்தன்மை என்று கொண்டாடப்பட்டது பெண்தன்மை. பெயரிடும் விதிப்படி முந்திய பெயருக்கே உரிமை. 1910-இன் சிவாபிதிக்கஸ் நிலைத்தது, 1934-இன் ராமாபிதிக்கஸ் பயன்பாட்டிலிருந்து நீங்கியது. பில்பீம் தம் பழைய நிலைப்பாட்டை வெளிப்படையாகக் கைவிட்டார். அவருடைய பெயர் மதிப்போடு நினைக்கப்படுவதற்கு அந்த முகத்தைக் கண்டெடுத்தது மட்டும் காரணமல்ல.

உறவைத் தீர்மானிக்கும் அடிப்படை இங்கேதான் இருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் இருக்கும் கறுப்பு முடியை வைத்து இருவரை அண்ணன் தம்பி என்று சொல்ல முடியாது. ஒரு குடும்பத்தில் மட்டும் தலைமுறையாக வரும் ஆறாம் விரல் இருவருக்கும் இருந்தால் சொல்லலாம். அதுபோலவே, தொலைதூர மூதாதையிடமிருந்து எல்லாக் கிளைகளுக்கும் வந்த பழைய பண்பு நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. ஒரு கிளையில் புதிதாகத் தோன்றி அதன் வழித்தோன்றல்களிடம் மட்டும் காணப்படும் பண்பே சான்று. பல்லின் எனாமல் தடிமனாக இருப்பது மனிதக் கிளையின் அடையாளம் என்று ராமாபிதிக்கஸ் காலத்தில் நம்பப்பட்டது. மயோசீன் கால வாலில்லாக் குரங்குகள் பலவற்றில் அது இருந்தது பின்னர் தெரியவந்தது. மூக்கின் அடித்தளம் மேலண்ணத்தோடு இணையும் அந்த வழவழப்பான அமைப்போ ஓராங் ஊத்தான் கிளைக்கே உரிய புதுமை.

இத்தோடு முடிந்திருந்தால் இது நேரான கதை. 1990-இல் போத்வாரிலிருந்து சிவாபிதிக்கஸின் மேற்கை எலும்புகள் வெளியாயின. ஓராங் ஊத்தான் கிளைகளைப் பற்றித் தொங்கி நகரும் விலங்கு. அதன் தோளும் கையும் அதற்கேற்ப அமைந்தவை. சிவாபிதிக்கஸின் மேற்கை எலும்பின் தண்டோ வளைந்து, நான்கு காலில் கிளைமேல் நடக்கும் குரங்கினுடையதைப் போல இருந்தது. 2014-இல் வெளியான இடுப்பெலும்பும் அகலமற்றதாக, வாலுள்ள குரங்குகளின் வடிவத்தை ஒட்டியே இருந்தது. முகம் ஒன்று சொல்கிறது, உடல் வேறொன்று சொல்கிறது. இரண்டில் ஒன்றை ஏற்க வேண்டும். முகத்தை நம்பினால், தொங்கி நகரும் உடலமைப்பு ஓராங் ஊத்தானிலும் ஆப்பிரிக்க இனங்களிலும் தனித்தனியே தோன்றியிருக்க வேண்டும். உடலை நம்பினால், முகத்தின் ஒற்றுமை தற்செயலாக இருமுறை தோன்றியதாகக் கொள்ள வேண்டும். இத்தனை நுணுக்கமான முகப் பண்புகள் ஒன்றாக இருமுறை வருவது அரிது என்பதால் பெரும்பாலோர் முகத்தின் பக்கம் நிற்கிறார்கள். சான்றுகளின் எடை அப்பக்கமே சாய்கிறது.

இந்த முடிவு சிவாபிதிக்கஸோடு நிற்பதில்லை. ஓராங் ஊத்தான் கிளை சுமார் 1.2 முதல் 1.4 கோடி ஆண்டுக்கு முன் பிரிந்தது என்பதற்குச் சிவாபிதிக்கஸை ஆதாரமாகக் கொண்டு, மரபணு ஆய்வாளர்கள் பலர் தங்கள் காலக் கணக்கை அமைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் மூலக்கூறுக் கணக்கு தாடையைத் திருத்தியது. இப்போது தாடை அந்தக் கணக்குக்கு அளவுகோலாக இருக்கிறது. அளவுகோல் பிசகினால் மனிதனும் சிம்பன்சியும் பிரிந்த காலம் வரை எல்லாம் பிசகும். ஆகவே வேறு சாட்சிகள் தேவை. தாய்லாந்தின் கோராட் பகுதியில் கிடைத்து 2004-இல் பெயரிடப்பட்ட கோராட்பிதிக்கஸின் கீழ்த்தாடையில், வாயைத் திறக்க உதவும் இருவயிற்றுத் தசையின் முன்பகுதி ஒட்டும் தடம் இல்லை. ஓராங் ஊத்தானிலும் அத்தசையின் முன்பகுதி இல்லை. சீனாவின் சுய்ஃபெங் குகையில் கிடைத்த, 19 லட்சம் ஆண்டுப் பழமையான ஜைகான்டோபிதிக்கஸ் பல்லின் எனாமலிலிருந்து 2019-இல் புரதங்களையே பிரித்தெடுத்துப் படித்தார்கள். அந்த மாபெரும் குரங்கு ஓராங் ஊத்தானுக்கு நெருங்கிய உறவு என்பது வடிவத்தைச் சாராமல் உறுதியாயிற்று. மரபணு தாக்குப்பிடிக்காத வெப்பமான நாட்டில், அத்தனை காலம் புரதம் மிஞ்சியிருந்தது தென்கிழக்காசியாவுக்கு நம்பிக்கை தரும் செய்தி.

கிப்பன்களின் வழக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. மற்ற வாலில்லாக் குரங்குகளிலிருந்து கிப்பன் கிளை இரண்டு கோடி ஆண்டை ஒட்டிய காலத்தில் பிரிந்தது என்று மரபணுக்கள் சொல்கின்றன. ஆனால் அதன் பழைய எலும்புகள் மிக அரிது. 1837-இல் பிரான்சில் கிடைத்த பிளியோபிதிக்கஸ் உருவத்திலும் முகத்திலும் கிப்பனைப் போல இருந்ததால் நெடுங்காலம் கிப்பனின் மூதாதையாகக் கருதப்பட்டது. காதின் எலும்புக்குழாய் முழுமையாக வளராத பழைய நிலையில் இருப்பது தெரிந்தபின், வாலுள்ள குரங்குகளும் வாலில்லாக் குரங்குகளும் பிரிவதற்கும் முன்பே கிளைத்த தனிக் குழு என்று அது விலக்கப்பட்டது. இமாச்சலத்தின் கிருஷ்ணாபிதிக்கஸும் அக்குழுவில்தான் வைக்கப்படுகிறது. 2015-இல் ஜம்முவின் ராம்நகரில், ஹண்டர் கல்லூரியின் கிறிஸ்டோபர் கில்பர்ட்டும் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ராஜீவ் பட்நாயக்கும் இருந்த குழுவுக்கு மண்குவியல் ஒன்றில் மின்னிய ஒரே ஒரு கடைசிக் கீழ்க்கடைவாய்ப்பல் கிடைத்தது. 2020-இல் அதற்குக் கபி ராம்நகரென்சிஸ் என்று பெயரிட்டு, 1.25 முதல் 1.38 கோடி ஆண்டுப் பழமை கொண்ட, அறியப்பட்டவற்றில் மிகப் பழைய கிப்பன் என்று அறிவித்தனர். 2022-இல் ஜி சுயேபிங்கும் டெரி ஹாரிசனும் மற்றவர்களும் சீனாவின் யுன்னானில் கிடைத்த யுவான்மோபிதிக்கஸை, 70-80 லட்சம் ஆண்டுப் பழமையான உறுதியான கிப்பன் என்று நிறுவினர். கபி கிப்பன் அல்ல, பிளியோபிதிக்கஸ் வகைக் குழுவைச் சேர்ந்தது என்றும் வாதிட்டனர். யுவான்மோபிதிக்கஸுக்குப் பற்களோடு ஒரு குட்டியின் முகப்பகுதியும் இருக்கிறது. கபிக்கு ஒரு பல். ஒரு பல்லை வைத்து ஐம்பது லட்சம் ஆண்டு இடைவெளியை நிரப்புவது, 1961-இன் வளைவை மறுபடி வரைவதற்கு ஒப்பான துணிச்சல். இன்னொரு பல்லாவது கிடைக்கும் வரை கபியின் இடத்தைக் காலியாக விடுவதே முறை.

கிப்பன்களின் இன்றைய இடப்பரவலை மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருப்பவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். மலாய்க்காரர்கள் உங்கா என்று அழைக்கும் கிப்பன்களில், பேராக் ஆற்றுக்கு வடக்கே இருப்பது புருவத்தில் வெள்ளை கொண்ட ஓர் இனம். தெற்கே இருப்பது கைகால் வெள்ளையான வேறோர் இனம். கிப்பன் நீந்தாது, ஆகவே தெலுக் இந்தானைச் சுற்றி வளைந்து கடலுக்குப் போகும் இதே ஆறு, மேலே காட்டுப் பகுதியில் இரண்டு இனங்களுக்கு எல்லையாகிறது. காலையில் கேட்கும் கூவலிலேயே எந்த இனம் என்று சொல்லிவிடலாம். கையின் நிறமும் கூவலும் கல்லாகாது. பல் மட்டும் மிஞ்சும் நாளில் இந்த இரண்டையும் பிரித்தறிவது எளிதாக இருக்காது. ஒரு பல்லைக் கொண்டு இனத்தை வரையறுக்கும்போது எச்சரிக்கை தேவை என்பதற்கு இதைவிட அருகில் இருக்கும் சான்று இல்லை.

ஓராங் ஊத்தான் இன்று தீபகற்ப மலேசியக் காடுகளில் இல்லை. பேராக்கில் அதைப் பார்க்க புக்கிட் மேராவின் ஓராங் ஊத்தான் தீவு போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஒருகாலத்தில் இங்கே இருந்தது. பேராக்கின் லெங்கோங்கிலும், தைப்பூசத்தால் உலகறிந்த சிலாங்கூர் பத்துமலையிலும் உள்ள குகைகளிலிருந்து ஒன்பது ஓராங் ஊத்தான் பற்களை யாஸ்மின் இப்ராஹிமும் லிம் சே சென்னும் அவர்களுடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்டனர். தீபகற்பத்தில் கிடைத்த முதல் ஓராங் ஊத்தான் புதைபடிவங்கள் இவை. பழையவை ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை. பத்துமலையில் அந்த விலங்கு 60,000 ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்திருக்கிறது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் காடு சுருங்கியபோது இங்கே அழிந்தது. மீண்டும் மழைக்காடு வளர்ந்தபோது கடல் உயர்ந்து, சுமத்ராவிலிருந்து திரும்பி வரும் வழி அடைபட்டது என்பது அவர்கள் தரும் விளக்கம். குகைகளில் முள்ளம்பன்றிகள் எலும்பைக் கொறித்துத் தீர்த்துவிடுவதால் பெரும்பாலும் பல்லின் மேற்பகுதி மட்டுமே எஞ்சுகிறது. ஓராங் ஊத்தானின் கடைவாய்ப்பல் எனாமலில் நிறைந்திருக்கும் சுருக்கங்கள் பேரினத்தை அடையாளம் காட்டின. எந்த இனம் என்று அக்குழு பெயரிடவில்லை. காலப்போக்கில் ஓராங் ஊத்தானின் பல் சீராகச் சிறுத்துவந்தது என்ற பழைய கருத்துக்கும் இப்பற்கள் ஒத்துழைக்கவில்லை. சொல்லக்கூடியதை மட்டும் சொல்லி நிறுத்திய அந்த அடக்கம் பாராட்டத்தக்கது.

கீழ்ப் பேராக்கின் கடலோரச் சமவெளியில் இத்தகைய தேடல் பயன் தராது. அங்குள்ள களிமண்ணும் கரிமச் சதுப்பும் சில ஆயிரம் ஆண்டுகளில் படிந்தவை. சதுப்பின் அமிலம் எலும்பைக் கரைத்துவிடும். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் அதற்கு நேர்மாறானவை. சுண்ணாம்பு எலும்பைக் காக்கும். குகையில் படியும் கல்விழுதுகளிலும் கற்படிவுகளிலும் உள்ள யுரேனியத்தைக் கொண்டு அடுக்கின் வயதையும் கணிக்கலாம். லம்பங்கள் எனப்படும் ஈயச் சுரங்கங்களின் காலத்திலேயே ஈப்போ அருகில் ஒரு குகையின் ஈயப் படிவிலிருந்து நீர்யானை உட்படப் பல விலங்குகளின் எலும்புகள் வந்தன. நெதர்லாந்து ஆய்வாளர் ஹூய்யர் 1962-இல் அவற்றை விவரித்தார். ஓராங் ஊத்தான், கிப்பன் வரலாற்றில் விடுபட்ட பக்கங்கள் இக்குன்றுகளில் இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. 2018-இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் சிமெண்டுக்கும் பளிங்குக்கும் இதே சுண்ணாம்புக் குன்றுகள் உடைக்கப்படுகின்றன. ஒரு குன்றுக்கு வெடி வைக்கும் முன் அதன் குகைகளைப் புதைபடிவ ஆய்வாளர்கள் பார்த்துவிட வேண்டும் என்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். குகைச் சுவரின் இறுகிய மண்ணில் பல்லோ எலும்போ தெரிந்தால், காண்பவர் அதைப் பெயர்த்தெடுக்காமல் இடத்தோடு படமெடுத்து, கனிமவள, புவி அறிவியல் துறைக்கோ அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கோ தெரிவிக்க வேண்டும். அடுக்கிலிருந்து பிரிந்துவிட்ட பல்லின் வயதை உறுதியாகச் சொல்ல முடியாது. வயது தெரியாத பல்லுக்கு மரத்தில் இடம் தேடுவதும் இயலாது.